கல்லும் மரமும் நட்ட நகரம்



உலகின் தட்பவெப்பநிலை மாறிவருகிறது என்பது இன்று எவரும் அறிந்த செய்தி. தொழிற்புரட்சிக்கு முன்னர்க் காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, 1982-இல் ஏறத்தாழ 341 பங்காக உயர்ந்திருந்தது. 2024-இல் 420-ஐக் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிக்கப்படுவதும், காடுகள் அழிக்கப்படுவதும் இதற்குத் தலையாய காரணங்கள். இச்செய்தி நாளிதழ்களில் வருகிறது; பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறுகிறது; நாடுகளின் மாநாடுகளில் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. எனினும் செய்தியை அறிந்த மனிதன் எழுந்து ஒரு செயலைச் செய்கிறானா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே விடை. அறிவுக்கும் செயலுக்கும் இடையில் ஓர் அகழி கிடக்கிறது.

அவ்வகழியின் கரையில் இரு வகையினர் நிற்கின்றனர். ஒருவர், 'அப்படியொன்றும் நேராது' என்பவர். மற்றவர், 'இனி எதுவும் செய்வதற்கில்லை' என்பவர். முன்னவர் கண்களை மூடிக்கொண்டவர். பின்னவர் கைகளைக் கட்டிக்கொண்டவர். இருவருடைய பேச்சும் முற்றிலும் மாறுபட்டது; இருவருடைய செயலோ ஒன்றுதான். இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னவரை எழுப்புவதற்குப் புள்ளிவிவரம் போதாது. அச்சமூட்டும் படங்கள் அவரை மேலும் தளர்த்தவே செய்யும். அவர் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து, குழி தோண்ட ஓர் இடத்தையும் காட்ட வேண்டும். கலையால் அதைச் செய்ய முடியுமா என்பதே இவ்வுரை ஆராயப் புகும் பொருள்.

ஈண்டுக் கலை என்பது காட்சிக்கூடத்தின் சுவரில் மாட்டப்படும் ஓவியத்தைக் குறிக்கவில்லை. தெருவிலும் திடலிலும் ஆற்றங்கரையிலும், நுழைவுச்சீட்டு இன்றி, விரும்பி வந்தவரும் வழிப்போக்கரும் ஒருங்கே எதிர்கொள்ளும் பொதுவிடக் கலையையே குறிக்கிறது. அத்தகைய கலைக்கு ஜெர்மனியிலுள்ள காசெல் என்னும் நகரம் தலைசிறந்த எடுத்துக்காட்டு.

காசெல் நகரின் கற்குவியல்

காசெல், ஜெர்மனியின் நடுப்பகுதியில் அமைந்த பழைய நகரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்குப் போர்த்தளவாடத் தொழிற்சாலைகள் இயங்கின. 1943 அக்டோபர் 22-ஆம் நாள் இரவில் பிரிட்டிஷ் விமானங்கள் வீசிய குண்டுகளால் நகரம் தீப்பற்றி எரிந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். மரச்சட்டங்களால் அமைந்த இடைக்கால வீடுகள் நிறைந்த நகர நடுவம் சாம்பலாயிற்று. போருக்குப் பின் நகரம் மீண்டும் எழுப்பப்பட்டது. அகன்ற சாலைகளும் சிமெண்டுக் கட்டடங்களும் எழுந்தன. நிழல்தான் மீண்டு வரவில்லை.

அந்நகரில் 1955-ஆம் ஆண்டு ஆர்னால்டு போடே என்பவர் 'டாக்குமென்டா' என்னும் கலைக்கண்காட்சியைத் தொடங்கினார். நாட்சி ஆட்சி இழித்து ஒதுக்கிய புதுமைக் கலையை ஜெர்மானிய மக்கள் மீண்டும் காண வேண்டும் என்பது அதன் முதல் நோக்கம். பின்னாளில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை, நூறு நாள்கள் நடைபெறும் உலகக் கலைவிழாவாக அது வளர்ந்தது.

1982-இல் நடைபெற்ற ஏழாவது டாக்குமென்டாவுக்கு யோசப் பாய்ஸ் என்னும் சிற்பி அழைக்கப்பெற்றார். 1921-இல் பிறந்த பாய்ஸ், இளமையில் ஜெர்மானிய விமானப்படையில் பணியாற்றி, 1944-இல் கிரிமியாவில் விமானம் விழுந்து உயிர் தப்பியவர்; போருக்குப் பின் டுசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர்; 1980-இல் ஜெர்மனியில் பசுமைக் கட்சி உருவானபோது அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவராக நின்றவர். ஒவ்வொரு மனிதனும் ஒரு கலைஞன் என்னும் கொள்கையை அவர் வாழ்நாளெல்லாம் வற்புறுத்தி வந்தார். எல்லோரும் ஓவியம் தீட்ட வல்லவர் என்பது அதன் பொருளாகாது. சமுதாயம் என்னும் பெருஞ்சிற்பத்தை உருவாக்கும் ஆற்றல் எல்லோரிடமும் உண்டு என்பதே அவர் கருதியது.

அவ்விழாவுக்கு அவர் அளித்த சிற்பம் பலரையும் திகைக்க வைத்தது. விழாவின் தலைமைக் கூடமான பிரிடரிசியானும் மாளிகையின் முன்னுள்ள புல்வெளியில் ஏழாயிரம் பசால்ட் கற்களைக் கொண்டுவந்து குவித்தார். பசால்ட் என்பது எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகிய கரிய பாறை. இயற்கையிலேயே தூண்வடிவில் பிளவுபட்டுக் கிடைப்பது. அக்கற்கள் காசெலுக்கு அண்மையிலுள்ள கல்லுடைக்கும் இடத்திலிருந்து வந்தவை. குவியல் ஆப்பு வடிவில் நீண்டு ஒரு முனையில் கூர்ந்தது. அக்கூர்முனையில், 1982 மார்ச்சு 16-ஆம் நாள், பாய்ஸ் ஓர் ஓக் மரக்கன்றை நட்டார். ஓக் என்பது தமிழில் கருவாலி எனப்படும் மரம். அதன் அருகே ஒரு கல்லையும் நிறுத்தினார்.

விதி மிக எளியது. குவியலிலிருந்து ஒரு கல்லை எடுக்க வேண்டுமாயின், நகரில் எங்கேனும் ஒரு மரத்தை நட்டாக வேண்டும். கல் அம்மரத்தின் அருகில் நிற்கும். ஏழாயிரம் மரங்கள் நடப்பட்ட அன்றுதான் புல்வெளி மீண்டும் புல்வெளியாகும். அதுவரை நகரின் முகப்பில், அழகிய மாளிகையின் எதிரில், அந்தக் கருங்குவியல் கிடந்துகொண்டே இருக்கும். செய்யாது விட்ட கடமையின் அளவை நாள்தோறும் ஊராரின் கண்முன் காட்டும் கணக்கேடாக அது அமைந்தது.

எதிர்ப்பும் உழைப்பும்

காசெல் மக்கள் இதனை மாலையிட்டு வரவேற்றனர் என்று எண்ணுவது பிழை. குவியல் அருவருப்பானது என்றனர் பலர். மரக்குழிகளால் வண்டி நிறுத்தும் இடங்கள் பறிபோகின்றன என்று முறையிட்டனர் சிலர். எதிர்ப்பைக் காட்டும் வகையில் கற்கள் சிலவற்றுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினர் வேறு சிலர். வீட்டின் முன் மரம் வந்தால் வெளிச்சம் குறையும், இலை உதிரும், வேர் குழாயை உடைக்கும் என்னும் முறையீடுகள் எந்த ஊரிலும் கேட்கக்கூடியவையே. எதிர்ப்பைக் கண்டு பாய்ஸ் கற்களை ஒரு மூலைக்கு மாற்றவில்லை. எல்லோருக்கும் உரிய இடத்தில் நிற்கும் கலை எல்லோருடைய ஏச்சையும் கேட்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பணம் மற்றொரு பெருந்தடை. ஒரு மரத்துக்கும் கல்லுக்கும் 500 மார்க்கு எனக் கணக்கிடப்பட்டது. மொத்தம் 35 இலட்சம் மார்க்கு. நியூயார்க்கிலுள்ள தியா கலை அறக்கட்டளை தொடக்கச் செலவுக்கு உதவியது. எஞ்சியது பொதுமக்களிடமிருந்து வர வேண்டும். 500 மார்க்கு கொடுத்தவருக்கு ஒரு மரத்தின் பெயரால் சான்றிதழ் வழங்கப்பட்டது. பாய்ஸ் தம் ஓவியங்களை விற்றார். ஜப்பானிய விஸ்கி விளம்பரம் ஒன்றில் தோன்றிப் பணம் ஈட்டினார். 1982 ஜூன் 30-ஆம் நாள், உருசியப் பேரரசன் கொடுங்கோல் இவானின் மணிமுடியைப் போலச் செய்யப்பட்ட பொன்முடி ஒன்றை மக்கள் கூட்டத்தின் நடுவே உருக்கினார். கூட்டத்தில் கூச்சலும் எதிர்ப்பும் எழுந்தன. உருகிய பொன்னை ஒரு முயலாகவும் ஒரு கதிரவனாகவும் வார்த்தார். அதிகாரத்தின் சின்னம் அமைதியின் சின்னமாயிற்று. அது 7,77,000 மார்க்குக்கு விலைபோக, தொகை மரங்களுக்குச் சென்றது.

எந்த மரத்தை எங்கு நடுவது என்பதைச் சிற்பி தனியே முடிவு செய்யவில்லை என்பது மிகவும் கருதத்தக்கது. குடியிருப்போர், பள்ளிகள், மழலையர் காப்பகங்கள், பகுதி மன்றங்கள், உள்ளூர்ச் சங்கங்கள் ஆகியோர் இடங்களை முன்மொழிந்தனர். ஓர் அலுவலகம் அவற்றைத் தொகுத்தது. தோட்டக்கலைஞரும் நகர அலுவலரும் மண்ணையும் நிலத்தடிக் குழாய்களையும் ஆராய்ந்தனர். பெயர் 'ஏழாயிரம் ஓக் மரங்கள்' ஆயினும் எல்லாம் ஓக் மரங்கள் ஆகவில்லை. இடத்துக்கும் மண்ணுக்கும் ஏற்பச் சாம்பல் மரம், லிண்டன், பிளேன், மேப்பிள் முதலியவையும் நடப்பட்டன. கொள்கைக்காக மரத்தைச் சாகவிடாமல், மரத்துக்காகப் பெயரைத் தளர்த்திக்கொண்ட அறிவுடைமை அது.

புல்வெளிக் குவியல் மெல்ல மெல்லச் சுருங்கியது. ஓராண்டு கழிந்தது, ஈராண்டு கழிந்தது, கற்கள் இன்னும் மீந்திருந்தன. 1986 சனவரி 23-ஆம் நாள் பாய்ஸ் காலமானார். சிற்பி மறைந்தால் சிற்பம் நின்றுபோவதே உலக இயல்பு. இங்கோ மறுநாளும் குழி தோண்டப்பட்டது. 1987 ஜூன் 12-ஆம் நாள், எட்டாவது டாக்குமென்டா தொடங்கியபோது, பாய்ஸின் மகன் ஏழாயிரமாவது மரத்தை நட்டார். முதல் மரத்தின் பக்கத்திலேயே இறுதி மரம் நின்றது. குவியல் கிடந்த இடத்தில் புல் மட்டும் இருந்தது.

நடுதல் என்னும் வினை

மரம் போதாதா, கல் எதற்கு என்று கேட்கலாம். கல் ஏறத்தாழ நான்கடி உயர்ந்து நிற்கும். நடும் நாளில் கன்று மெலிந்த குச்சியாகவும் கல் தடித்த தூணாகவும் தோன்றும். பத்தாண்டில் இரண்டும் நிகராகும். ஐம்பதாண்டில் மரத்தின் அடியில் கல் ஒரு சிறு காவலனைப் போல் ஒடுங்கிவிடும். கல் மாறாது; மரம் மாறும். மாறாத ஒன்றை அருகில் வைத்தால்தான் மாறுவதன் அளவு புலப்படும். தன் பிள்ளையின் உயரத்தைக் கதவுநிலையில் கோடிட்டு அளக்கும் தாயின் செயலுக்கும் இதற்கும் வேறுபாடில்லை. காலத்தைக் கண்ணால் காணும்படி செய்ததே பாய்ஸின் சிற்பத் திறன்.

தமிழறிந்தோர்க்கு இங்கு ஒரு சொல் நினைவுக்கு வரும். நடுதல் என்னும் ஒரே வினையைத் தமிழ் கல்லுக்கும் மரத்துக்கும் வைத்திருக்கிறது. நடுகல் மாண்டவனுக்கு, நடுமரம் வரப்போகிறவனுக்கு. வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையைத் தொல்காப்பியம் புறத்திணையில் படிப்படியாக வகுத்துரைப்பதையும், மன்னர்தம் காவல்மரத்தைப் பகைவர் வெட்டுவது நாட்டையே வெட்டுவதாகக் கருதப்பட்டதையும் அவையோர் அறிவர். காசெல் சிற்பத்துக்கும் தமிழ் மரபுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. எனினும் தீக்கிரையான ஒரு நகரில், மாண்டவரின் நினைவும் வருவோரின் நிழலும் ஒரே குழியருகில் சேர்ந்து நின்றன என்பதைத் தமிழின் அந்த ஒரு வினைச்சொல் எளிதில் விளக்கிவிடுகிறது.

பாய்ஸும் சொல்லாட்சியில் வல்லவரே. ஜெர்மன் மொழியில் நகர நிர்வாகத்தைக் குறிக்கும் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றினால் நகரைக் காடாக்குதல் என்று பொருள்படும். அவ்வொரெழுத்து மாற்றத்தையே தம் சிற்பத்தின் முழக்கமாக வைத்தார். நிர்வாகம் செய்யட்டும் என்று காத்திராமல், நகரையே காடாக்குக என்பது அதன் கருத்து.

கணக்குக் கேட்போர்க்கு

இனி, கணக்குக் கேட்போரின் வினாவையும் எதிர்கொள்ள வேண்டும். வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கிலோ கரியமில வாயுவை ஈர்க்கும் என்பது பொதுவான தோராயம். அவ்வாறாயின் ஏழாயிரம் மரங்கள் ஆண்டுக்கு 140 டன் ஈர்க்கும். இன்றைய ஜெர்மானியர் ஒருவரின் வாழ்க்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 7 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது. எனவே ஐந்தாண்டு உழைப்பும் 35 இலட்சம் மார்க்கும் இருபது பேர் விடும் புகைக்கே ஈடாயின. மரம் நட்டே உலகைக் காத்துவிடலாம் என்று எவரேனும் சொன்னால், இக்கணக்கு அதனை மறுத்துவிடும். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதை நிறுத்தாமல் மரம் மட்டும் நடுவது ஓட்டைக் குடத்தில் நீர் முகப்பதற்கு ஒப்பாகும்.

1982-இல் பாய்ஸின் முன் நின்ற கவலையும் இதுவன்று. அமில மழையால் ஜெர்மானியக் காடுகள் பட்டுப்போகின்றன என்பதே அந்நாளைய அச்சம். ஆனால் வேறொரு கணக்கும் உண்டு. கோடைவெயிலில் மரமுள்ள தெரு மரமற்ற தெருவைவிடக் குளிர்ந்திருக்கும். வெப்ப அலைகள் பெருகும் காலத்தில் முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் அந்நிழல் உயிர் காப்பது. அதனினும் பெரியது மூன்றாவது கணக்கு. ஐந்தாண்டுக்காலம் ஒரு நகர மக்கள் எந்த மரம், எந்தத் தெரு, யார் நீர் ஊற்றுவது என்று கூடிக்கூடிப் பேசினர், சினந்தனர், வழக்காடினர், இறுதியில் செய்து முடித்தனர். கூடிச் செயலாற்றும் அப்பழக்கத்தை எந்தத் தராசில் நிறுப்பது? பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள இன்று எல்லாவற்றையும்விடத் தட்டுப்பாடாக இருப்பது அப்பழக்கமே.

பாரிசின் பனிக்கட்டி

காசெலுக்கு நேர் எதிரான வழியைக் கையாண்ட கலைஞர் ஓலாஃபர் எலியாசன். ஐசுலாந்துப் பெற்றோர்க்குப் பிறந்து டென்மார்க்கில் வளர்ந்தவர். கிரீன்லாந்தைச் சேர்ந்த நிலவியல் அறிஞர் மினிக் ரோசிங் என்பவருடன் சேர்ந்து 2014-இல் கோபன்ஹேகன் நகரமன்றத் திடலில் பன்னிரண்டு பனிப்பாறைகளைக் கடிகார முகம்போல் வட்டமாக வைத்தார். 2015 டிசம்பரில் நாடுகளின் பருவநிலை மாநாடு பாரிசில் நடைபெற்றபோது, பாந்தியன் மாளிகையின் முன்னுள்ள திடலில் அவ்வாறே பன்னிரண்டு பாறைகள் வைக்கப்பட்டன. மொத்த எடை ஏறத்தாழ 80 டன். கிரீன்லாந்தின் பனித்தகட்டிலிருந்து முன்பே உடைந்து கடலில் மிதந்தவற்றையே கொணர்ந்தனர்.

மக்கள் அவற்றைத் தொட்டனர், தழுவினர், காதை வைத்துக் கேட்டனர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனியில் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகள் உருகும்போது மெல்ல வெடிக்கும் ஒலி அதில் கேட்கும். கிரீன்லாந்து ஆண்டுதோறும் இருபதாயிரம் கோடி டன்னுக்கு மேல் பனியை இழக்கிறது என்று படித்தவன் அந்த எண்ணை மறந்துவிடுவான். உள்ளங்கை சில்லிட்ட அனுபவத்தை மறக்கமாட்டான். பாரிசுத் திடலில் நாள்கணக்கில் உருகிய 80 டன் பனியைக் கிரீன்லாந்து கண்ணிமைப்பொழுதினும் குறைந்த நேரத்தில் இழந்துவிடுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினால், அப்போது எண்ணுக்கும் உயிர் வருகிறது.

எனினும் இக்கலை மீது குறை கூறுவோர் உண்டு. பனியைக் கப்பலிலும் வண்டியிலும் கொண்டுவர ஏறத்தாழ 30 டன் கரியமில வாயு வெளியாயிற்று எனக் கணக்கிடப்பட்டது. கணக்கை மறைக்காது வெளியிட்டது கலைஞரின் நேர்மை. அதனினும் ஆழமான வினா ஒன்று எஞ்சுகிறது. பனி உருகி முடிந்தபின் பார்த்தவர் என்ன செய்வது? கண்ணீரோடு வீடு திரும்புவது தவிர அத்திடல் அவருக்கு வேலை எதனையும் வைத்திருக்கவில்லை. அம்மாநாட்டில் டிசம்பர் 12-ஆம் நாள் பாரிசு உடன்படிக்கை ஏற்கப்பட்டது உண்மையே. அதற்குப் பனிப்பாறைகளைக் காரணமாகச் சொல்வது கலைக்குப் பொய்ப்பெருமை சேர்ப்பதாகும். உள்ளத்தை உருக்குவது கலையின் முதற்பணி. அதனையே முழுப்பணியாகக் கொள்ள முடியாது.

நியூயார்க்கில் ஒரு கோடு

இவ்விரு வழிகளுக்கும் இடைப்பட்ட ஒன்றை ஈவ் மோஷர் என்னும் அமெரிக்கக் கலைஞர் 2007-இல் கண்டார். விளையாட்டுத் திடல்களில் எல்லைக்கோடு போடப் பயன்படும் சிறு தள்ளுவண்டியில் சுண்ணப்பொடியை நிரப்பிக்கொண்டு, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலும் மான்ஹாட்டனின் தென்பகுதியிலும் ஏறத்தாழ 70 மைல் தொலைவு நடந்தார். கடல்மட்டத்திலிருந்து பத்தடி உயரம் எந்தத் தெரு வழியாக, எந்தக் கடைவாசல் வழியாகச் செல்கிறதோ அங்கெல்லாம் கோடிட்டார். பெருவெள்ளம் வந்தால் நீர் இதுவரை வரும். கடல்மட்டம் உயர உயர அவ்வெள்ளம் அடிக்கடி வரும். இதுவே அக்கோட்டின் பொருள்.

கோட்டைக் கண்டவர் நின்று கேட்டனர். என்ன கோடு இது, என் வீடு எந்தப் பக்கம் என்றனர். அவர் வண்டியை நிறுத்தி விடையளித்தார். செய்யக்கூடியவை இன்னின்ன என்று அச்சிட்ட தாள்களையும் தந்தார். பல மாதங்கள் நீண்ட அப்பணியில் கோடு சாக்காக அமைந்தது, உரையாடலே கலையாயிற்று. சுண்ணம் மழையில் கரைந்து மறைந்தது. 2012 அக்டோபர் 29-ஆம் நாள் இரவில் சாண்டி என்னும் புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, கடல்நீர் பல இடங்களில் அவர் கோடிட்ட எல்லையை எட்டியது. சில இடங்களில் அதனையும் தாண்டியது. நகரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

கலை எச்சரித்தது, ஆனால் அணை கட்டும் அதிகாரம் கலையிடம் இல்லை. இவ்வுண்மை கசப்பானது. அதன் பின் மயாமியில் 2013-இலும் பிரிஸ்டலில் 2014-இலும் அதே கோடு வரையப்பட்டபோது, தள்ளுவண்டியைப் பிடித்தவர்கள் உள்ளூர் மக்களே. தன் தெருவில் தானே கோடிட்டவன் அக்கோட்டை எளிதில் மறப்பதில்லை. பக்கத்து வீட்டு முதியவரைப் புயல்நாளில் யார் அழைத்துச் செல்வது என்பதையும் எண்ணத் தொடங்குகிறான். கலைஞரின் கையிலிருந்து மக்களின் கைக்கு வண்டி மாறிய அந்த மாற்றமே அக்கலையின் வளர்ச்சி.

நானூறு ஆண்டுக்கு ஒரு மலை

நெடுங்காலத்தைப் பொருளாகக் கொண்ட கலைக்குப் பின்லாந்து நாட்டில் ஒரு சான்று உண்டு. புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்துவரும் ஆக்னஸ் டேனஸ், 1982-இல் நியூயார்க்கின் வால் தெருவுக்கு அருகில், கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள நிரப்புநிலத்தில் இரண்டு ஏக்கர் கோதுமை விளைவித்து, ஆயிரம் பவுண்டுக்கு மேல் அறுவடை செய்து காட்டியவர். அவர் வகுத்த 'மரமலை' பின்லாந்தில் சரளைமண் தோண்டிச் சிதைந்த ஓரிடத்தில் எழுந்தது. பின்லாந்து அரசு இத்திட்டத்தை 1992-இல் ரியோ மாநாட்டுக் காலத்தில் அறிவித்தது. 1996-இல் பணி நிறைவுற்றது.

38 மீட்டர் உயரமுள்ள அச்செயற்கைக் குன்றில் 11,000 பேர் 11,000 பைன் மரங்களைச் சூரியகாந்திப் பூவின் சுருள்வடிவை ஒத்த கணித ஒழுங்கில் நட்டனர். நட்டவர் ஒவ்வொருவருக்கும் மரத்தின் உரிமைச்சான்று வழங்கப்பட்டது. அதனைப் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் விட்டுச்செல்லலாம். நிலம் 400 ஆண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. உரிமைச்சான்றைப் பெறுகிறவன் சொத்தாக அடைவது ஒரு மரத்தை வெட்டாதிருக்கும் பொறுப்பையே. ஓர் ஆட்சியின் காலம் நான்கு அல்லது ஐந்து ஆண்டு. அக்கால எல்லைக்குள் சிந்திக்கும் உலகில் நானூறு ஆண்டுக் கணக்கை எளிய மக்கள் கையில் கொடுத்தது அம்மலை.

இதற்கு மறுபக்கமாக ஐசுலாந்தில் ஒரு கல்வெட்டு உண்டு. 'ஓக்' என்னும் பெயருடைய பனியாறு நகரும் அளவு தடிமன் இழந்து, பனியாறு என்னும் தகுதியை 2014-இல் இழந்ததாக அறிவிக்கப்பட்டது. 2019 ஆகத்து 18-ஆம் நாள் மக்கள் மலையேறிச் சென்று அதற்கு நினைவுப் பட்டயம் பதித்தனர். ஐசுலாந்து எழுத்தாளர் ஆண்ட்ரி ஸ்னேர் மாக்னசன் அதன் வாசகத்தை எழுதினார். அது வருங்காலத்தாரை விளித்து எழுதப்பட்டது. அன்றைய காற்றின் கரியமில வாயு அளவான 415 என்னும் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டது. இறந்த பனியாற்றுக்கு எடுத்த நடுகல் அது. வழக்கமான நடுகல் மாண்டவனின் புகழைச் சொல்லும். இதுவோ வாழ்கின்றவரின் கடமையைக் கேட்கிறது.

நம்பிக்கை என்பது யாது?

மேற்கண்டவற்றை ஒப்புநோக்கினால் சில உண்மைகள் தெளிவாகின்றன. பனிப்பாறையும் நினைவுப் பட்டயமும் இழப்பை உணர்த்துகின்றன. சுண்ணக்கோடு இடர் வரும் வழியைக் காட்டுகிறது. கருவாலியும் பைன் மரமும் கைக்கு வேலை கொடுக்கின்றன. உணர்த்துதல், காட்டுதல், செய்வித்தல் ஆகிய மூன்றும் வேண்டியவையே. ஆயினும் முதலிரண்டோடு நிற்கும் கலை பார்ப்பவனைப் பார்வையாளனாகவே விட்டுவிடுகிறது. மூன்றாவதற்கு வரும் கலை அவனைப் பங்காளியாக்குகிறது.

நம்பிக்கை என்பது நல்லது நடக்கும் என்னும் எதிர்பார்ப்பு எனப் பலர் கருதுகின்றனர். அவ்வெதிர்பார்ப்புக்கு இன்றைய புள்ளிவிவரங்களில் ஆதாரம் குறைவு. காசெல் காட்டும் நம்பிக்கை வேறு வகையினது. தன் வாழ்நாளில் நிழலை முழுதும் காணமாட்டான் என்று அறிந்தும் அறுபது வயதுக்காரன் ஒரு கன்றை நடுகிறான். பாய்ஸ் முதல் மரம் நட்டபோது அவருக்கு வயது அறுபது; இறுதி மரத்தை அவர் காணவேயில்லை. பலன் தமக்கு இல்லையென்று அறிந்தும் செய்கிற செயலே அங்கு நம்பிக்கையின் வடிவம். உள்ளத்தில் முதலில் நம்பிக்கை பிறந்து அதன்பின் கை இயங்கியது என்பதைவிட, கை இயங்கத் தொடங்கியபின் நம்பிக்கை பிறந்தது என்பதே அந்நகர வரலாற்றுக்குப் பொருந்தும்.

அம்மரங்கள் இன்று காசெல் தெருக்களில் ஓங்கி நிற்கின்றன. அவற்றை நகரம் பேணிக் காக்கிறது. வண்டி நிறுத்தும் இடத்துக்காக ஒரு காலத்தில் வழக்காடிய ஊர், இன்று அவற்றைத் தன் பெருமையாகக் காட்டுகிறது. 2007-இல் ஹெதர் ஆக்ராய்டு, டேன் ஹார்வி என்னும் ஆங்கிலக் கலைஞர் இருவர் அம்மரங்களின் அடியில் உதிர்ந்த கொட்டைகளைப் பொறுக்கிச் சென்று இங்கிலாந்தில் முளைக்க வைத்தனர். அவற்றுள் நூறு கன்றுகள் 2021-இல் இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் வெளிமுற்றத்தில் வைக்கப்பட்டன. இம்முறை கலைஞர்கள் பருவநிலை மாற்றத்தைப் பெயர் சொல்லியே பேசினர். அமில மழைக்கு அஞ்சி நட்ட மரத்தின் விதை, அடுத்த தலைமுறையின் அச்சத்துக்கும் விடையாக முளைத்தது.

இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டு நிறைவு காணும் நாளில் இச்செய்தி பொருத்தமுடையதாகும். கருவாலிக்குப் பத்தாண்டு என்பது பிள்ளைப் பருவம். அப்போதுதான் அது தன் பக்கத்துக் கல்லைத் தலையுயர்த்திப் பார்க்கத் தொடங்குகிறது. கூடிப் படித்தும் பேசியும் பழகிய ஓர் அவை, கூடி ஒரு தெருவுக்கு நிழல் தரவும் வல்லது. அதற்கு வேண்டியவை ஒரு கன்று, ஒரு குழி, நாள்தோறும் நீர் ஊற்ற ஒருவர்.